கேரியர் இல்லாத சைக்கிளுக்குக் காசு கொடுக்காதீங்க: திருவண்ணாமலையில் இருந்து ஒரு கணக்கு

முதல் வேலை, முதல் சம்பளம், உடனே முதல் இ.எம்.ஐ. இந்த வரிசையை மாத்த முடியுமான்னு போன வீடியோவுல பேசினோம். அதுல "ஆபீஸ் போக வர வண்டி வேணுமே, சைக்கிள்ல போனா சரிப்படுமா?"ங்கிற கேள்வியைத் தொட்டுட்டு விட்டுட்டோம். இந்தப் பதிவு அதுக்குத்தான்.

ஒரு ஊரை எடுத்துக்கிட்டுப் பேசுவோம், அப்போதான் கணக்கு கையில் பிடிபடும். ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் போற திருவண்ணாமலைன்னு நினைச்சுடாதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல, குன்று மேல சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமைன்னா அந்தப் பக்கம் ரோட்டுல கால் வைக்க இடம் இருக்காது. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடை, பேங்க், ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவங்க இருக்காங்க. ராஜபாளையம் மில்லுக்கும் கம்பெனிகளுக்கும் போறவங்களும் இருக்காங்க. முதல் தூரம் சுமார் 5 கிலோமீட்டர். ரெண்டாவதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகணும். சிறு நகரத்துல வேலை பார்க்கிற நம்மில் பாதிப் பேருக்கு இதே மாதிரி தூரம்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த மாதிரி தூரத்துக்குச் சைக்கிள் போதும். ஆனா அந்தச் சைக்கிள் பணத்தை மிச்சம் பண்ணுமா, மொட்டை மாடியில் துரு பிடிக்குமாங்கிறதைக் கியரோ, சஸ்பென்ஷனோ, பிராண்டோ முடிவு பண்றதில்லை. பின்னாடி இருக்கிற கேரியர்தான் முடிவு பண்ணுது. அதனால சைக்கிளைப் பார்த்துட்டு அப்புறம் கேரியரைத் தேடாதீங்க. என்ன சுமக்கப் போறோம்னு முதல்ல எழுதிட்டு, அதுக்கேத்த கேரியரைப் பார்த்து, அப்புறம் சைக்கிள் வாங்குங்க.

பைக் கணக்கு, ஒளிவுமறைவு இல்லாம

"சைக்கிள் ஓட்டினா பெட்ரோல் மிச்சம்"னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையைச் சொன்னா, பெட்ரோல்ல மிச்சம் கொஞ்சம்தான். வேலைக்கும் கடைக்குமா ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னா 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு 6 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சா மாசம் 600 ரூபாய். இதை மட்டும் காட்டி உங்களைச் சைக்கிளுக்கு வாங்கன்னு கூப்பிட்டா நீங்க வர மாட்டீங்க, வரவும் வேண்டாம்.

பெரிய செலவு வண்டியிலயே இருக்கு. உதாரணத்துக்கு ஆன்ரோடு 1,10,000 ரூபாய்க்கு ஒரு பைக். 20,000 கையில் கட்டி, 90,000 கடன். 11 சதவீத வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் 2,946 ரூபாய் வரும். மூணு வருஷத்துல கட்டுற மொத்தம் சுமார் 1,06,000. அதோட முன்பணம் 20,000, பெட்ரோல் 21,600 சேர்த்தா 1,47,600. சர்வீஸ், டயரை நான் இதுல சேர்க்கவே இல்லை. மூணு வருஷம் கழிச்சு வண்டியை 50,000-க்கு வித்துட்டதா வச்சுக்குவோம். அப்பவும் கையை விட்டுப் போனது 97,600.

இப்போ சைக்கிள். 8,000 ரூபாய் சைக்கிள், நல்ல கேரியரும் பையும் 2,000, பஞ்சர், டயர், பிரேக் கட்டைன்னு வருஷத்துக்கு 1,500. மூணு வருஷத்துக்கு 14,500. மழை நாள், உடம்பு முடியாத நாள், வீட்டாளுங்களைக் கூட்டிட்டுப் போற நாளுக்குப் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் மாசம் 400 ஒதுக்கினா 14,400. மொத்தம் 28,900. கடைசியில் சைக்கிளை விக்கப் போனா ஒண்ணும் கிடைக்காதுன்னே வச்சுக்குவோம்.

வித்தியாசம் 68,700 ரூபாய். மாசத்துக்கு 1,900. சம்பளம் 18,000 வாங்குறவருக்கு இது பத்துல ஒரு பங்குக்கும் மேல. பல பேருக்கு அவசர நிதின்னு ஒண்ணு இருக்குமா இருக்காதாங்கிறதே இந்தத் தொகையிலதான் இருக்கு. வேலை போனா ரெண்டு மாசம் தாக்குப்பிடிக்க முடியுமா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னா நகையை அடகு வைக்காம சமாளிக்க முடியுமா, இதெல்லாம் இந்த 1,900-ல தொடங்குற விஷயம்.

விலை ஊருக்கு ஊர் மாறும். உங்க எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துக்கோங்க. ஒரு நல்ல சேதியும் இருக்கு: 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கும் அதோட உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. பில் கேட்டு வாங்குங்க, அந்தக் குறைப்பு உங்களுக்கு வந்திருக்கான்னு பாருங்க.

கேரியர் எங்கே வருது?

மேல சொன்ன கணக்கு ஒரு நிபந்தனையில நிக்குது. சைக்கிளைத் தினமும் எடுக்கணும். எடுக்கலைன்னா பழையபடி அப்பா வண்டி, நண்பன் வண்டின்னு இரவல் வாங்கி, ஆறு மாசத்துல நாமளும் ஷோரூம்ல போய் நிப்போம்.

ஏன் எடுக்காம விடறோம்? காலையில கிளம்பும்போது கையில என்ன இருக்குன்னு பாருங்க. டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், மழைக்கோட்டு, சில பேருக்கு லேப்டாப். முதுகுல பையை மாட்டிட்டு 5 கிலோமீட்டர் மிதிச்சா, ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டிருக்கும். மேனேஜர் முன்னாடி அப்படிப் போய் நிக்க யாருக்குப் பிடிக்கும்? சாயங்காலம் வீட்டுல இருந்து போன் வரும்: "வரும்போது ரெண்டு கிலோ தக்காளியும் அஞ்சு கிலோ அரிசிப் பையும் வாங்கிட்டு வா." ஹேண்டில்பார்ல மாட்டினா முழங்கால்ல இடிக்கும், திருப்பத்துல வண்டி இழுக்கும். இப்படி நாலு நாள் போனா, அஞ்சாவது நாள் சைக்கிள் வீட்டுலயே நின்னுடும்.

ரெண்டு சைக்கிளை ஒப்பிட்டுப் பாருங்க. 18,000 ரூபாய்க்கு டிஸ்க் பிரேக், முன்னாடி சஸ்பென்ஷன், கேரியர் கிடையாது. வருஷத்துக்கு 40 ஞாயித்துக்கிழமை ஓட்டி, ரெண்டு வருஷத்துல அலுத்துப் போச்சுன்னா, ஒரு தடவைக்கு 225 ரூபாய். இன்னொண்ணு, கேரியரோட 10,000 ரூபாய். வருஷத்துக்கு 200 நாள், மூணு வருஷம். ஒரு நாளைக்கு 17 ரூபாய்கூட இல்லை. முதலாவது பொழுதுபோக்குச் செலவு. அது தப்பில்லை, ஆனா பட்ஜெட்டுல "போக்குவரத்து"ன்னு எழுதி நம்மளையே ஏமாத்திக்கக் கூடாது.

கடையில் என்ன பார்க்கணும்?

முதல்ல, கேரியர் மாட்ட இடம் இருக்கா. பின் சக்கர ஆக்சில் பக்கத்துல பிரேம்ல திருகு போடுற ஓட்டை இருக்கணும். சீட்டுக்குக் கீழ மேல்பக்கமும் ரெண்டு இருந்தா இன்னும் நல்லது. இந்த நாலு இடத்துல நிக்கிற கேரியர்தான் சுமையை நேரா பிரேமுக்கும் சக்கரத்துக்கும் கொடுக்கும். சீட் போஸ்ட்டுல மட்டும் கவ்விப் பிடிக்கிற கேரியர் பார்க்க ஸ்டைலா இருக்கும். ஆனா பத்துக் கிலோவைத் தாண்டினா பக்கவாட்டுல திரும்பிடும். டிபன் பாக்ஸுக்கு ஓகே, அரிசிப் பைக்கு ஆகாது.

ரெண்டாவது, எவ்வளவு தாங்கும். சைக்கிள் கேரியருக்குன்னே ஐ.எஸ்.ஓ. 11243-ன்னு ஒரு சர்வதேசத் தரம் இருக்கு. நல்ல கேரியர்கள்ல அதிகபட்ச எடை அச்சடிச்சிருக்கும், 25 கிலோன்னு நிறையப் பார்க்கலாம். எண்ணே போடாத கேரியரைக் கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பி வாங்காதீங்க. இந்த எண் சாமானுக்குத்தான். ஆளை ஏத்துறதுக்கு இல்லை.

மூணாவது, டிஸ்க் பிரேக். பின்னாடி டிஸ்க் இருந்தா பல வண்டியில கேரியர் காலும் பிரேக்கும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கும். வாங்குறதுக்கு முன்னாடியே கேரியரைக் கடையில வச்சுப் பார்த்துடுங்க. பின் சஸ்பென்ஷன் இருக்கிற சைக்கிளை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

நாலாவது, குதிகால். பக்கப் பை மாட்டிட்டு நாலு சுத்து மிதிச்சுப் பாருங்க. குதிகால் பையில இடிச்சா தினமும் எரிச்சல்தான். பையைப் பின்னாடி தள்ளி மாட்ட வழி இருக்கான்னு பாருங்க.

அஞ்சாவது, ஸ்டாண்டு. பின்னாடி 10 கிலோ வச்சுட்டுச் சைடு ஸ்டாண்டுல நிறுத்தினா சைக்கிள் சாயும், பால் பாக்கெட் ரோட்டுல. பழைய மாடல் சைக்கிள்ல பின் சக்கரத்தையே தூக்கி நிறுத்துற ஸ்டாண்டு இருக்கே, அதுக்கு ஈடு இல்லை. பால்காரங்க ரெண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுத் தைரியமா நிறுத்துறது அதை நம்பித்தான். அவங்க கிட்ட இன்னொரு பாடமும் இருக்கு: எடையைக் கேரியர் மேல உயரமா அடுக்காம, ரெண்டு பக்கமும் கீழ இறக்குங்க. வண்டி ஆடாது.

டயர் அளவு: யாரும் சொல்லாத செலவு

விளம்பரத்துல வராத விஷயம் இது. நம்ம ஊர் பழைய பெரிய சைக்கிளோட டயர் 28×1½. லேடீஸ் சைக்கிள் பலதுல 26×1⅜. இந்த ரெண்டும் எந்தச் சின்ன சைக்கிள் கடையிலயும் கிடைக்கும். "நம்ம சைக்கிளும் 26 இன்ச்தானே"ன்னு எம்.டி.பி. வச்சிருக்கவங்க அந்த டயரை வாங்கினா ஏறாது. ஏன்னா லேடீஸ் சைக்கிள் ரிம்மோட அளவு 590 மில்லிமீட்டர், எம்.டி.பி. 26-ல அது 559. பேர் ஒண்ணு, சக்கரம் வேற. 27.5, 29 அளவுகள்ல டயர் கிழிஞ்சா ஆன்லைன்ல ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும். அந்த ஒரு வாரம் வேலைக்கு எப்படிப் போவீங்க?

அட்லஸ் சைக்கிள் கம்பெனி ஞாபகம் இருக்கா? 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்னைக்கே டெல்லி பக்கம் சாஹிபாபாத் ஆலையில உற்பத்தியை நிறுத்தினாங்க. ஆனா ஊர்ல ஓடிட்டிருந்த அட்லஸ் சைக்கிள் எதுவும் அதனால நிக்கலை. ஏன்னா அதோட டயர், பிரேக் கட்டை, செயின் எல்லாம் எந்தக் கம்பெனிக்கும் பொது. தினமும் ஓட்டுற வண்டிக்கு இந்தப் பொது அளவுதான் உண்மையான வாரண்டி. வாங்குறதுக்கு முன்னாடி உங்க தெரு மெக்கானிக்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இதுக்கு டயர், டியூப் உங்ககிட்ட இப்போ இருக்கா?" அவர் யோசிச்சார்னா நீங்களும் யோசிங்க.

கியர் வேணுமா? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மலையடிவாரம்தான், ஆனா ரோட்டுல பெரிய ஏற்றம் கிடையாது. தொல்லை காத்துதான். ஆனி, ஆடியில மேற்குக் காத்து மலையில இருந்து இறங்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையம் போறவங்களுக்கு அது எதிர்க்காத்து. அதுக்கும் செலவு கம்மியான வழி ஒண்ணு இருக்கு: பின்னாடி ப்ரீவீல் 18 பல்லு இருந்தா 20 பல்லு போடச் சொல்லுங்க. மிதி லேசாகும், வேகம் கொஞ்சம் குறையும்.

வாங்குறதுக்கு முன்னாடி வீட்டைப் பாருங்க

தமிழ்நாட்டுல விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பதினொண்ணாம் வகுப்பு படிக்கிற எல்லாருக்குமா விரிஞ்சது. இதைப் படிக்கிற உங்கள்ல பல பேர் அந்தச் சைக்கிள்லதான் பிளஸ் டூ முடிச்சிருப்பீங்க. அது இப்போ எங்கே இருக்கு? மாட்டுக் கொட்டகையிலயா, மாடிப்படிக்குக் கீழயா? பெரும்பாலும் கேரியரோட வந்த சைக்கிள் அது. பிரேம் வெடிக்காம, ரிம் கோணாம இருந்தா ரெண்டு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை மாத்தி, பேரிங்குக்குக் கிரீஸ் வச்சா மறுபடி ஓடும். உதாரணத்துக்கு 2,000 ரூபாய் ஆச்சுன்னாலும், புது சைக்கிள் விலையில கால்வாசிதான். ஆறு மாசம் அதை ஓட்டிப் பாருங்க. பழக்கம் நின்னா அப்புறம் புதுசு பத்தி யோசிக்கலாம்.

புதுசுதான்னா, கையில இருக்கிற காசுக்கு வாங்குங்க. "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ன்னு போர்டு இருந்தா, பிராசசிங் கட்டணம் எவ்வளவுன்னு கேளுங்க. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. எட்டாயிரம் ரூபாய் சாமானுக்குக் கடன் தேவைப்பட்டா, நாலு மாசம் 2,000 சேர்த்துட்டு வாங்குறதுதான் சரி.

யாருக்கு இது சரிப்படாது?

எல்லாருக்கும் சைக்கிள்னு நான் சொல்ல வரலை. மில்லுல நைட் ஷிப்ட் பார்த்துட்டு விடியக்காலம் லாரி ஓடுற நெடுஞ்சாலையில தனியா வர்றவங்களுக்கு இது ஆபத்து. காசைவிட உயிர் பெருசு. நடக்க முடியாத பெரியவங்களை அடிக்கடி ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போற வீட்டுல, வேற வண்டி இல்லைன்னா, பைக் தேவைதான். அந்த இ.எம்.ஐ.யைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ராஜபாளையம் வரைக்கும் போறவங்க முழுத் தூரமும் மிதிக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் சைக்கிள், அங்கே ஸ்டாண்டுல விட்டுட்டுப் பஸ். நேரம் ஒத்து வந்தா ரயில். ரெண்டு ஊருமே விருதுநகர் - தென்காசி ரயில் பாதையில இருக்கு. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண நகரப் பேருந்துகள்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்க வழித்தடத்துல அந்தப் பஸ் இருந்தா, பெண்களுக்குச் செலவு சைக்கிள் ஸ்டாண்டு காசோட முடிஞ்சது.

இருட்டின பிறகு ஓட்டுறவங்க ஒண்ணு கவனிங்க: கேரியர்ல வைக்கிற பை பின் ரிப்ளெக்டரையும் சிவப்பு லைட்டையும் மறைச்சுடும். லைட்டைக் கேரியரோட கடைசி முனையில மாட்டுங்க. பழைய டியூபை வெட்டிக் கட்டுற கட்டு நல்லா பிடிக்கும், ஆனா நுனி தொங்கினா ஸ்போக்ஸ்ல சிக்கும். துப்பட்டா, சேலை கட்டுறவங்க சக்கரத்துக்குச் சேலை கார்டு போடாம ஓட்டாதீங்க. கேரியர் நட்டை வாரம் ஒரு தடவை முறுக்கிப் பாருங்க.

"சம்பளம் வாங்குற புள்ள சைக்கிள்லயா?"

கடைசித் தடை இதுதான். பெட்ரோல் கணக்கை விட இந்த ஒரு வரிதான் நிறைய பேரை ஷோரூமுக்கு அனுப்புது.

புதுக்கோட்டையில 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்பவும் ஊர் கேலி பேசுச்சு. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதப்போ ஆண்கள் சைக்கிளையே எடுத்தாங்க. அதுல முன்பார் இருக்கிறதால குழந்தையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்காம விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு போனாங்க, தண்ணி எடுத்துட்டு வந்தாங்க. எதைச் சுமக்கணுமோ அதைப் பார்த்து அவங்க வண்டியைத் தேர்ந்தெடுத்தாங்க. பேச்சு கொஞ்ச நாள்ல அடங்கிடுச்சு.

வெளிநாட்டுல இதுக்குச் சம்பளத்துலயே வழி இருக்கு. பிரிட்டன்ல 1999-லிருந்து, கம்பெனி வழியா சைக்கிள் எடுத்தா வரிச்சலுகை. சைக்கிளுக்கு மட்டும் இல்லை, லைட், பூட்டு, கேரியர் மாதிரி சாமானுக்கும் சேர்த்து. நெதர்லாந்துல சைக்கிள்ல வேலைக்கு வர்றவங்களுக்கும் கிலோமீட்டருக்கு 0.23 யூரோ வரை கம்பெனி வரியில்லாம கொடுக்கலாம், 2024-லிருந்து இந்த அளவு. நம்ம கம்பெனிக்காரங்ககிட்ட அவ்வளவு பெரிசா கேட்க வேண்டாம். கார், பைக்குக்குக் கூரை போட்ட இடத்துல சைக்கிளுக்கும் பத்தடி நிழல், கட்டிப் போட ஒரு இரும்புக் கம்பி, முகம் கழுவிச் சட்டை மாத்த ஒரு இடம். நாலு பேர் சேர்ந்து எச்.ஆர்.கிட்ட ஒரு மெயில் போட்டா பேசிப் பார்க்கக்கூடிய விஷயம்தான்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்க. வீட்டுல இருந்து வேலைக்கு எத்தனை கிலோமீட்டர், தினமும் கையில என்ன எடுத்துட்டுப் போறீங்க, சாயங்காலம் என்ன வாங்கிட்டு வர்றீங்க, மூணையும் ஒரு தாள்ல எழுதுங்க. எடை 15 கிலோவுக்குள்ள, தூரம் 7 கிலோமீட்டருக்குள்ள இருந்தா, பைக் புக் பண்றதுக்கு முன்னாடி உங்க தெரு சைக்கிள் கடைக்குப் போய் நில்லுங்க. உங்க தூரத்தையும் சுமையையும் கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல அந்தக் கணக்குகளையே எடுத்துப் பேசுவோம்.